பஸ்ஸில் ஏறிய த்ரிசலா

ஐந்தரை மணிக்குள் தட்டு வைத்தாக வேண்டும். எழுபத்தெட்டு வயதில் குணபாலனுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, மனைவி ராஜமதியைப் பொழுது சாய்வதற்குள் நாலு வாய் சாப்பிட வைப்பது. சமணக் குடும்பம். இருட்டிய பிறகு அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. கட்டின புருஷன் பேரே சில நாள் மறந்துபோகிற அந்த மனுஷிக்கு இது மட்டும் மறக்கவில்லை பாருங்கள்.

முன்பெல்லாம் வேங்கிக்கால் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும். போன வருஷம் பக்கத்து மனையில் நாலு மாடிக்கு ஒரு லாட்ஜ் எழும்பியது. பௌர்ணமிக்கு மட்டும் வந்த கிரிவலக் கூட்டம் இப்போது தினமும் வருகிறதே, எங்கேதான் தங்கும்? நியாயம்தான். அந்த நியாயம் இவர் வீட்டில் அரைமணி நேர வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. டியூப்லைட் போட்டு ஏமாற்றிப் பார்த்தார். “லைட்டு போட்டுட்டு சாப்டறதா?” என்று அவள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

காலையில் அரை டம்ளர் கஞ்சி. மத்தியானம் மாத்திரை மயக்கத்தில் தூக்கம். சாயங்காலச் சோறுதான் சோறு. போன மாதம் எடை பார்த்தபோது முப்பத்தாறு கிலோ. இனியும் இறங்கினால் மூக்கில் குழாய் போடவேண்டிவரும், அதையும் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணபாலன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபடியே அழுதார்.

சரி, ஐந்தரைக்கே சாப்பிட்டுத் தொலைத்தால் என்ன? மாட்டாள். மகள் த்ரிசலா பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். வந்ததும் சேர்ந்து சாப்பிடுவாளாம்.

த்ரிசலா என்று ஒரு மகள் கிடையாது. இருந்தாள், பதினொரு நாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்து, பதினோராம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில், வீட்டு விஷயமாகச் சிரிக்கச் சிரிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேரை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் சிரிக்க வைப்பது? குணபாலன் ஒரு குழந்தையை எழுதினார். பெயரும் அதே பெயர். அந்தப் பாவத்தைத்தான் இப்போது அனுபவிக்கிறார்.

ராஜமதி கோபப்படுவாள் என்று நினைத்தார். அவளோ அச்சுக்குப் போகுமுன் படித்துவிட்டு, பிள்ளைக்கு நீலப் பாவாடை போடுங்கள் என்றாள். வாராவாரம் த்ரிசலாவுக்குப் பல் முளைத்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாள், ரேஷன் கடை வரிசையில் தொலைந்து கிடைத்தாள், பெங்களூரில் வேலைக்குப் போனாள். கல்யாணம் என்று எழுதியபோது வாசகர்கள் குக்கர் அனுப்பினார்கள். அதில்தான் இன்றைக்கும் சாதம் வேகிறது.

எழுத்தாளனுக்கு ஏது ரிடையர்மென்ட் என்று மேடையில் பேசுவார்கள். உண்டு ஐயா. பத்திரிகையை மூடினால் அன்றைக்கே ரிடையர்மென்ட். பதினொரு வருஷத்துக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். கடைசியாக வந்த பக்கத்தில் த்ரிசலா ஊருக்கு வர பஸ் ஏறியிருந்தாள். கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதாகப் போன் செய்திருந்தாள். இறங்குவதை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அடுத்த வாரம் வரவேயில்லை. முப்பது வருஷம் இந்த ஊரின் பால் பாக்கெட்டையும் தண்ணீர் லாரியையும் எழுதியவரை இன்று செங்கம் ரோட்டில் நிறுத்தி நலம் விசாரிக்க ஒரு ஆள் இல்லை. ஊருக்கு அவர் எழுதியதில் ஒரு வரி ஞாபகமில்லை. ஞாபகம் வைத்திருந்தது ராஜமதி ஒருத்திதான், அதுவும் பொய்யை மட்டும்.

வாரத் தொடக்கத்தில், விட்டதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். த்ரிசலா வந்து இறங்கினாள், சாப்பிட்டாள், லீவு இல்லையென்று மறுநாளே திரும்பினாள் என்று எழுதிப் படித்துக் காட்டினார். வந்தாள் என்ற இடத்திலேயே ராஜமதி எழுந்து ஓடினாள். ஒவ்வொரு அறையாகத் தேடினாள். பீரோவைக்கூடத் திறந்து பார்த்தாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அழுத அழுகை இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு இவர் செவிடாகப் பிறந்திருக்கலாம்.

அதனால் நேற்று உண்மையை எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவை. யார் பெயரையும் மாற்றவில்லை. ராஜமதிக்குக் குழந்தை பிறந்தது, த்ரிசலா என்று பெயர் வைத்தார்கள், பதினோராம் நாள் செத்துப்போனது, ராஜமதி பால் கட்டிக்கொண்டு துடித்தாள், மூன்று நாள் ஒரு பருக்கை தொடவில்லை. ஒன்றரைப் பக்கம்தான். இன்றைக்கு ஐந்து மணிக்கே பருப்பு சாதமும் பூசணிக்காய்க் கூட்டும் தட்டில் போட்டு, எதிரே உட்கார்ந்து படித்தார். இதைக் கேட்டால் காத்திருப்பதை விட்டுவிடுவாள், அழுதாவது இரண்டு வாய் தின்பாள் என்ற நம்பிக்கை.

ராஜமதி அசையாமல் கேட்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்பாடா, ஞாபகம் வந்துவிட்டது என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார்.

“நம்ம பொண்ணு பேரேதான் அந்தக் கொழந்தைக்கும்,” என்றாள் அவள். “பாவங்க அந்த ராஜமதி. அப்புறம் ஏதாவது சாப்ட்டாளா?”

குணபாலன் கையிலிருந்த தாளை மடித்தார்.

அவள் தட்டை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“இத எடுத்துனு போயி அவளுக்குக் குடுங்க. பொழுது போறதுக்குள்ள குடுங்க.”

“நீ சாப்டு ராஜமதி,” என்று கெஞ்சினார்.

“எனக்கென்ன, எம்பொண்ணு வந்துனு இருக்கா, அவகூட சாப்டுவேன். அவளுக்குத்தான் யாரும் இல்ல. போங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தெருவுக்கு வந்து வேலிப் பக்கமாக நின்றார். லாட்ஜில் ஒவ்வொரு மாடியாக விளக்குப் போட்டார்கள். அவர் உள்ளே திரும்பியபோது சமையலறை இருட்டியிருந்தது.

“சாப்ட்டாளா?” என்று கேட்டாள் ராஜமதி.

“சாப்ட்டா,” என்றார் குணபாலன்.