அடுப்படிக்குக் கீழே

"வீட்டுக்குள்ள பழைய கிணறு ஏதாவது இருக்காம்மா?"

மெட்ரோ ரயிலுக்காக சர்வே எடுக்க வந்த என்ஜினீயர் பெண் மோகனப்ரியா இப்படிக் கேட்டதும், கன்னியம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் எத்திராஜ் முந்திக்கொண்டான்.

"கிணறா? இங்க ஏதும்மா கிணறு!"

மோகனப்ரியா எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட இடம் காட்டினாள். எத்திராஜ் போட்டான். கன்னியம்மாவும் போட்டாள். அடுப்படிப் பக்கம் கண் போகாமல் இருக்க அவள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று தெரிந்த நாளில் தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில் பட்டாசு வெடித்தார்கள். முதலில் ரயில் விட்டதெல்லாம் ஏர்போர்ட் பக்கமும் கோயம்பேடு பக்கமும்தான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ்ஸில் நசுங்கியே பாதி ஆயுசைக் கழித்த வடசென்னைக்காரர்களுக்கு, ஒருவழியாக நம் முறையும் வந்தது என்று சந்தோஷம். துறைமுகத்தில் சுமை இறக்கும் எத்திராஜும் அன்று சரவெடி வாங்கி வந்தான். பாதை தன் வீட்டுக்கு அடியில்தான் போகிறது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

கிணறு இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் கன்னியம்மாவே அதில் தண்ணீர் சேந்தியிருக்கிறாள். தெருக்குழாய் வந்த பிறகு மாமனார் கிணற்றைத் தூர்க்கவில்லை. வாய்மேல் நான்கு கடப்பாக்கல்லைப் பரப்பி, சிமென்ட் பூசி, அதன்மேலேயே அடுப்படியைக் கட்டிவிட்டார். பிறகு மேலே ஒரு மாடி ஏறியது. இப்போது அந்த மாடியில் நீலா குடியிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் எண்ணூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன்.

"ஏன்யா பொய் சொன்ன?" என்று அன்றே கேட்டாள் கன்னியம்மா.

"பட்டா எங்க அண்ணன் பேர்ல கீது. கிணறுன்னு சொன்னா ஆபீசர் வருவான், பத்திரம் கேப்பான். அண்ணன் வூட்டைப் புடுங்கிக்குவான். கம்முனு கெட."

அவள் கம்மென்றுதான் கிடந்தாள். ஆனால் மண்ணை இளக்க நுரையைப் பீய்ச்சியபடி பூமிக்குள் தோண்டிக்கொண்டு வந்த மிஷின் கம்மென்று கிடக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது அடி வருகிறது என்றார்கள். முதலில் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. பிறகு பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் தொடையில் நடுக்கம் ஏறியது. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குழவிக்கல்லால் தரையைத் தட்டினாள். மற்ற இடமெல்லாம் 'டக்'கென்றது. அடுப்புக்கு முன்னால் மட்டும் 'கும்'மென்று, எதிரே யாரோ பதில் சொல்வதுபோல் ஒலித்தது. கல்லை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். அன்றுமுதல் சுவரோரமாக நின்று கையை நீட்டித்தான் சமையல்.

"அக்கா, நம்ம வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று மாடிப்படியில் நின்று நீலா கேட்டாள். "ராவெல்லாம் கட்டிலு ஆடுது. வயித்துல புள்ள துள்ளுது."

"ஐம்பது அடிக்குக் கீழ போவுதாம். நமக்கு இன்னா?" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் இரண்டாவது ஷிப்ட் என்பதால் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். காலடியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கஞ்சி சிந்திவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்து வெள்ளை நுரை கசிந்துகொண்டிருந்தது. சேற்று வாடை. நுரைக்குப் பின்னால், தரைக்கு அடியில், கொதிக்கும் அண்டாவைப்போல 'கொளக் கொளக்' என்று சத்தம்.

அடுப்பை எப்படி அணைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாடிப்படியில் ஏறியதும் நினைவில்லை. நீலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியதுதான் தெரியும்.

"இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் கேக்காத. மெதுவா எறங்கு. சொவத்தப் புடிச்சிக்கோ."

எத்திராஜை எழுப்பி, நீலாவைத் தெருமுனைக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு, செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். தகரத் தடுப்புக்கு முன்னால் நின்ற வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கத்தினாள். மோகனப்ரியா ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள்.

"எங்க வூட்டுல கிணறு கீதும்மா! அடுப்படிக்குக் கீழ! நாங்க பொய் சொல்லிட்டோம்!"

மோகனப்ரியா திட்டவில்லை. "எவ்வளவு ஆழம்? மண்ணு போட்டு மூடினதா, வெறுங்கிணறா?" என்று மட்டும் கேட்டாள்.

"வெறுங்கிணறும்மா. முப்பதடி இருக்கும்."

போனில் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நிறுத்துங்க."

இருவரும் சந்துக்குள் ஓடி வந்தபோது தெருவே வெளியில் நின்றது. நீலா ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்திராஜை மட்டும் காணவில்லை.

"பெட்டி எடுத்துக்கினு வரேன்னு உள்ள போச்சு," என்றாள் நீலா.

பத்திரப் பெட்டி. அது அடுப்படிப் பரண்மேல் இருந்தது.

கன்னியம்மா வாசலைத் தாண்டியபோது உள்ளே பாறை பிளப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அடுப்படித் தரை நடுவில் குழிந்தது, பிறகு இல்லாமலே போனது. அடுப்பு, சோற்றுப்பானை, குழவி எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே இறங்கின. கீழே எங்கோ தண்ணீர் அறைபடும் ஓசை. எத்திராஜ் அடுப்படி நிலைக்கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினான். ஒரு கால் நிலைப்படியில், ஒரு கால் அந்தரத்தில்.

"கைய வுடாத! யோவ், கைய வுடாத!"

கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து அவன் லுங்கிமேல் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்தாள். மோகனப்ரியா அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். இழுத்து வெளியே போட்டபோது எத்திராஜ் ஒரு குழந்தையைப்போல அவள் புடவையை விடாமல் பிடித்திருந்தான். பெட்டி கிணற்றோடு போயிருந்தது.

இரண்டு நாள் லாரி லாரியாக கான்கிரீட் ஊற்றிக் கிணற்றை நிரப்பினார்கள். மாடிக்கு இரும்புத் தூண்களால் முட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் மிஷின் வீட்டைக் கடந்துபோனது. ராயபுரத்து லாட்ஜ் ஒன்றில் தங்கவைக்கப்பட்டிருந்த கன்னியம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மாலையில் மோகனப்ரியா போன் செய்து, "தாண்டிடுச்சும்மா, வீடு நிக்குது," என்று சொன்ன பிறகுதான் அழுதாள். பட்டாவை யாரும் கேட்கவேயில்லை.

நீலா விம்கோ நகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. கன்னியம்மா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நீலா அதன் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"அன்னிக்கு மாடிப்படியில நான் கேட்டப்பவே உனுக்குத் தெரியுமாக்கா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில்கள் கன்னியம்மாவிடம் நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டாள்.

"தெரியும்."

நீலா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்வெட்டரை எடுத்துக் குழந்தையின் காலருகே வைத்தாள். குழந்தையைத் தூக்கித் தரவில்லை.

"டீ போடறேன். குடிச்சிட்டுப் போ," என்று எழுந்து உள்ளே போனாள்.