கோட்டுப் போட்டுக் கோப்பை கழுவப் போனவன்

1984 யூலையில், தார் உருகிச் செருப்போடு ஒட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, பிரான்சின் தலைநகரிலுள்ள லா சப்பலில் கோப்பை கழுவும் வேலை கேட்கக் கோட்டும் கழுத்தில் ரையுமாகப் புறப்பட்டான் வலன்ரைன்.

யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து பத்து மாதம். இந்தக் கோடை விடுமுறையில் உழைத்தால்தான் அடுத்த வருடப் படிப்பு. படிப்பு இல்லையென்றால் மாணவர் விசாவும் இல்லை. உழைப்பதற்கோ, முதலாளி கையெழுத்திட்ட தாளொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இருபத்தேழு கடை ஏறி இறங்கிவிட்டான். வேலை தருகிறோம் என்றவர்களெல்லாம் தாளைக் கண்டதும், பதிவும் வரியும் வருமே என்று பேனாவை ஒளித்தார்கள். ஒருவருக்கு எழுதப் படிக்கவே மறந்துபோனது.

கடைசியில், ஒரே அறையில் கூட இருந்த நீக்கிலாஸ் அண்ணைதான் வழி சொன்னார்.

"எங்கடை மார்செல் முதலாளியிட்டை வா. விடுமுறைக்கு ஆள் தேவையாம். காலமை பத்து மணிக்கு வந்து நில்லு."

"இன்ரர்வியூ இருக்குமோ அண்ணை?"

"ஓமோம், பெரிய இன்ரர்வியூ! கை ரெண்டும் இருக்கோ எண்டு பாப்பார்."

பகிடி என்று அவனுக்கு விளங்கவில்லை. இன்ரர்வியூ என்றால் கோட்டு, ரை, சேட்டிபிக்கற் கோவை. வேறு விதமாக வேலைக்குப் போனவர் அவன் பரம்பரையிலேயே இல்லை. அறையிலிருந்த ஒன்பது பேருக்கும் பொதுவாக, ஊருக்குப் படம் எடுத்து அனுப்பவென்று ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதை மாட்டினான். ஞானஸ்நான அத்தாட்சியிலிருந்து பங்குத்தந்தையின் நற்சான்றிதழ் வரை எல்லாவற்றையும் திணித்த கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

மார்செல் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வுபெற்று உணவகம் போட்டவர். தன் ஊர்க் குடும்பங்களில் வீட்டுக்கொருவர் இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே கோட்டும் கோவையுமாக ஒரு தமிழ் முகம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மனப்பாடம் செய்த பிரெஞ்சில், "ஐயா, உங்கள் சமையலறை வேலை சம்பந்தமாக வந்திருக்கிறேன்" என்றதும் மனிதர் இது தொழில் அலுவலகச் சோதனை என்றே முடிவுகட்டிவிட்டார். கையிலிருந்த அகப்பையைத் தரையில் போட்டார். அது உள்ளே இருப்பவர்களோடு பேசிவைத்த அடையாளம்.

உள்ளே எட்டுப் பேர். எவருக்கும் பதிவு கிடையாது. இருந்ததோ ஒரு பின் யன்னல். மூச்சு விடும் நேரத்துக்குள் எட்டுப் பேரும் அதற்குள்ளால் பாய்ந்துவிட்டார்கள். வரச்சொன்ன நீக்கிலாஸ் அண்ணையே வந்தது யார் என்று பாராமல் ஏப்பிரனோடு ஓடினார். அவர் புறநகர் பொண்டி வரை நிற்காமல் ஓடியதாகச் சொல்பவர்கள் உண்டு. அது மிகை; அதற்கு முந்திய திரான்சியிலேயே நின்றுவிட்டார்.

வலன்ரைன் திகைத்துப்போனான். கேள்வி ஒன்றும் வரவில்லை. கதிரை வந்தது, கோப்பி வந்தது, பிறகு அரைக் கோழி வந்தது. பிரான்சில் இன்ரர்வியூ இப்படியா? சேட்டிபிக்கற்றை எடுத்து நீட்டினால் மார்செல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் ஐயா, எல்லாம் சரியாகத்தான் இருக்கும்."

"இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று மரியாதைக்குக் கேட்டான்.

"யாருமே இல்லை! நான் ஒருவன்தான். விடுமுறைக்கு மட்டும் ஆள் எடுக்கப் போகிறேன். சட்டப்படி!"

வலன்ரைனுக்கு நெஞ்சு துள்ளியது. பெயரெல்லாம் நிரப்பிவைத்திருந்த தாளை எடுத்து வைத்தான். "அப்படியானால் இதில் ஒரு கையெழுத்து."

மார்செல் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை. கையெழுத்திட்டு முத்திரையை மூன்று தரம் குத்தினார். அதில் ஒன்று மேசைவிரிப்பில் விழுந்தது.

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்த வலன்ரைன், கோட்டைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போனான். போனவன் உறைந்து நின்றான். தண்ணீர்க் குழாய் திறந்தபடி. கோப்பைகள் கூரையை முட்டியபடி.

"என்ரை மாதாவே! இவ்வளவையும் இவர் தனியவோ கழுவினவர்?" என்று தமிழில் வாய்விட்டுக் கத்தி, சட்டைக் கையை மடித்தான்.

பின்னால் வந்த மார்செலின் வாய் பிளந்தது. "நீ... நீ யாருய்யா?"

"வலன்ரைன். நீக்கிலாஸ் அண்ணை சொல்லேல்லையோ?"

"கோட்டு போட்டுக்கினு பாத்திரம் கழுவ வர்றவன நான் எந்த தேசத்துலயும் பாத்ததில்லடா! நான் கையெழுத்து போட்ட அந்தப் பப்பியேவக் குடு!"

வலன்ரைன் நெஞ்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "ஏலாது ஐயா. இது இல்லாட்டி எனக்கு விசா இல்லை. ரெண்டு மாசத்துக்கு முகம் பாக்கிற மாதிரிக் கழுவித் தாறன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் பேருந்து நின்று, ஐம்பது ஜெர்மன்காரர் பசியோடு இறங்கினார்கள். மார்செல் அவர்களைப் பார்த்தார். ஆளில்லாத அடுப்பைப் பார்த்தார். திறந்து கிடந்த யன்னலைப் பார்த்தார்.

"மோன் தியே... கடவுளே, கழுவித் தொல!"

இருட்டுவதற்குள் ஏழு பேர் ஒவ்வொருவராக அதே யன்னலால் திரும்பினார்கள். திரான்சியில் மச்சானின் கட்டிலுக்கடியில் கிடந்த நீக்கிலாஸ் அண்ணைதான் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து தலையை நீட்டினார்.

"டேய், இன்ஸ்பெக்டர் போயிட்டானோ?"

"எந்த இன்ஸ்பெக்டர் அண்ணை?" என்ற வலன்ரைன், தொழில் அலுவலகம் அன்று காலை ஏற்றுக்கொண்ட தாளின் பிரதியைச் சந்தோசமாகக் காட்டினான்.

நீக்கிலாஸ் அண்ணை வாசித்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி வாசித்தார். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது முதலாளியின்ரை கையெழுத்தோ?"

"ஓம் அண்ணை. கேட்டன், போட்டுத் தந்தார்."

"நாலு வருசமா ஒவ்வொரு திங்கக்கிழமையும் நான் கேக்கிறனடா!"

அப்படியே யன்னலுக்கு வெளியே குந்திவிட்டார். சற்று நேரத்தில் எழுந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"உள்ளுக்கை வரேல்லையோ அண்ணை?"

"வாறன். இண்டைக்கு முன்கதவாலை வாறன்."