பாக்கெட்டில் சிரிப்பவர்

என் வீட்டுக்காரர் மூலிகைக் கடை வைத்திருக்கிறார். அவரே அரைத்து விற்கும் பல்பொடிப் பாக்கெட்டில் அவர் படம்தான் இருக்கும், முன்பல் அத்தனையும் தெரிய. அப்பேர்ப்பட்டவருக்கு ஈறு வீங்கி, சீழ் வைத்து, முன்பல் ஒன்று ஆட்டம் கண்டது. வாடிக்கைக்காரர்கள் கண்ணில் படாமல், முகமூடி மாட்டிக்கொண்டு நான்கு தெரு தள்ளிப் பல் டாக்டரிடம் போனார்.

டாக்டரம்மா ஈறைக் கீறிச் சுத்தம் செய்து, தையல் போட்டு, அதன்மேல் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி எதையோ அப்பினார். "ஒரு வாரம் இதைத் தொடாதீங்க. புண்ணு மூடினா பல்லு நிக்கும். கை வச்சீங்கன்னா என்னால காப்பாத்த முடியாது."

இரண்டு நாள் பொறுத்தார். அதுவே உலக அதிசயம். மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன் நின்றுகொண்டு, "இப்படிக் களிமண்ணை அப்பி வச்சா புண்ணுக்குக் காத்து எப்படிப் போகும்? நம்ம பொடிய வச்சா ரெண்டே நாள்ல ஆறிடும்" என்றார்.

"தினமும் அதைத்தானே தேய்ச்சீங்க? அப்புறம் ஏங்க வீங்குச்சு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

என் கேள்விகளுக்கெல்லாம் இருபது வருஷமாக அவர் கொடுத்துவரும் கைகண்ட மருந்து அது.

நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் அந்த மாவை நகத்தால் பெயர்த்துவிட்டு, கிராம்பும் கடுக்காயும் சேர்ந்த பொடியைத் தையல்மேல் திணித்திருக்கிறார். சாயங்காலம் தையல் பிரிந்து வாயெல்லாம் ரத்தம். மறுபடி பல் டாக்டரிடம் ஓடினோம்.

"மேல என்ன வச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு அவர் நன்றாயிருக்கட்டும். பல்லைத்தான் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க உதட்டை இறுக மூடிக்கொண்டு, சைகையிலேயே வியாபாரம் நடத்தினார். ஒரு நாள் ஓர் அம்மா பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"அண்ணே, என் பொண்ணுக்கு ஈறுல தையல் போட்டிருக்காங்க. இதை அது மேல வைக்கலாமா?"

நான் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"வேணாம்மா. டாக்டர் சொன்னதை மட்டும் செய்யுங்க. நான் வச்சுப் பார்த்துட்டேன்."

அதைச் சொல்ல அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அந்தம்மா முன்பல் இருந்த இடத்தைப் பார்த்தார், பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.