இன்னும் இருபத்தாறு தாள்

தாள் கிழிக்கும் நாட்காட்டியை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி மருத்துவமனைக்கே கொண்டுவந்துவிட்டாள் சைஹோங். கணவரின் கட்டிலுக்கு நேரெதிரே, ஆக்ஸிஜன் குழாய்க்குப் பக்கத்திலிருந்த ஆணியில் அதை மாட்டினாள். அன்று அக்டோபர் பதினொன்று.

"இன்னும் இருபத்தாறு தாள், கிழவரே. அதுவரைக்கும் எங்கேயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

யூ போலினுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டாவது முறை மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆனாலும் வாய்த்துடுக்கு மட்டும் விழவில்லை.

"செத்தா... அழுவியா? இல்ல, நாட்காட்டியைப் பாப்பியா?" என்றார் கோணிய வாயால்.

"ரெண்டும்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி மூக்கிலிருந்த குழாய் அசைந்தது. வலது கையால் அதைப் பிடுங்கப் போனார். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. அவள் ஒரு துணிப் பட்டையை எடுத்து அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். இறுக்கமாகத்தான் கட்டினாள். பிறகு முடிச்சுக்கடியில் கொஞ்சம் பஞ்சு வைத்தாள்.

இருவருக்கும் நடுவே ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. முப்பத்தாறு வயதில், அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. ஷாங்காய் நகரக் குடியிருப்புப் பதிவு உள்ளவரைக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் முழுசாக வாழ்ந்தால், மனைவியும் அந்த ஊர்ப் பதிவில் சேரலாம். கல்யாணத்தன்று அவரே அதைச் சொன்னார்: "எனக்குக் கஞ்சி, உனக்கு ஊரு. கணக்கு சரியாப் போச்சு." தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்து, "இந்தா, இன்னைக்குச் சம்பளம்" என்று அவள் கையில் கொடுப்பார். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அந்தத் தாளோடு சூடான சோயாப் பாலும் வரும். அது கணக்கில் இல்லாதது.

அவளுக்கு அந்த ஊர் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் ஒரு புத்தாண்டுக்குப் பிறந்த ஊரான ஆன்ஹுய்க்குப் போனாள். ஏழு மணிக்கே ஊர் கதவடைத்துவிட்டது. அந்த நிசப்தத்தில் காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டு மூன்று நாள் அவள் கண் மூடவில்லை. திரும்பி வந்து மெட்ரோ நிலையத்தில் ஆயிரம் தோள்கள் தன்னை இடித்துக்கொண்டு போனபோதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. எஸ்கலேட்டரில்கூட அவளால் நிற்க முடியாது; ஏறிக்கொண்டே இருப்பாள். ஷாங்காய் தன்னைப் பார்த்து, 'நீ வெளியூர்க்காரி, என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பு' என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான் வேண்டும்.

அப்படிச் சொல்ல ஒருத்தி இருந்தாள். யூ போலினின் மகள் மின்ஹுவா. சிற்றன்னையைவிட ஐந்து வயது மூத்தவள். பத்து வருஷமாகியும் சைஹோங்கை அவள் 'ஆயாம்மா' என்றுதான் கூப்பிட்டாள்.

பத்தொன்பது தாள் மீதமிருந்தபோது, நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. தொண்டையில் துளை போட வேண்டும் என்றார் டாக்டர். "போட்டா கொஞ்ச நாள் தள்ளும். ஆனா பேச முடியாது, வலியும் இருக்கும். வேண்டாம்னா, வலி தெரியாமப் பாத்துக்கலாம்."

"வேண்டாம் டாக்டர். எங்கப்பா நிம்மதியாப் போகட்டும்," என்றாள் மின்ஹுவா.

"போடுங்க," என்றாள் சைஹோங்.

"ஆயாம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அவரு படற பாட்டைப் பாரு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பத்து வருஷமா நான்தானே பாக்கறேன்? நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தோட வந்துட்டுப் போற."

மனைவியின் கையெழுத்துதான் செல்லும். பேனாவை வாங்கியபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஆன்ஹுய்க்காரி... விட்டுடு."

"பத்தொன்பது நாள்தான், கிழவரே. பல்லைக் கடிச்சுக்குங்க."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "என் பல்லு... வீட்ல டம்ளர்ல இருக்கு" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் அவள் தூங்கவில்லை என்றே சொல்லலாம். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தாள். துளையில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போதெல்லாம் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. கட்டிய கை கம்பியில் மோதி மோதிக் கன்றிப்போனது. வேறு கட்டில்காரர்கள், "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று தங்கள் மருமகள்களிடம் காட்டினார்கள். முதலில் அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது, அப்புறம் கோபம். கடைசி வாரத்தில் இரண்டும் போய்விட்டன. காலையில் கண் விழித்ததும் நாட்காட்டியைப் பார்த்தார். அவள் தாளைக் கிழிக்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எண்ணுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வாங்கிய கஞ்சிக்கு வாக்குத் தவறாத மனிதர்.

நவம்பர் ஆறாம் தேதி காலை. கடைசித் தாளைக் கிழித்து அவர் கண் முன்னால் பிடித்தாள். கட்டை அவிழ்த்துவிட்டாள். அவர் வலது கை மெதுவாக நகர்ந்து வந்து இரண்டு விரலால் அவள் சட்டைக் கையைப் பிடித்தது.

"பதினொரு மணிக்குள்ள வந்துடறேன்."

விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினாள்.

ஊர்ப் பதிவு நடக்கும் காவல் நிலையக் கூடத்தில் அவளுக்குக் கிடைத்த எண் நாற்பத்து மூன்று. முப்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. போன் ஒலித்தது: மின்ஹுவா. அவள் எடுக்கவில்லை. மறுபடி ஒலித்தது. அப்புறம் மருத்துவமனை எண். பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், "அக்கா, போனை எடுங்க. ஏதாவது அவசரமா இருக்கப் போவுது" என்றாள்.

"அவசரம்னு தெரிஞ்சா போக வேண்டியிருக்கும், தங்கச்சி," என்றாள் சைஹோங். போனைச் சத்தமில்லாமல் ஆக்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். எடுக்காதவரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். போன் துடிப்பது தொடையில் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

நாற்பத்து மூன்று.

எழுத்தர் சின்ன வயசுக்காரர். கல்யாணச் சான்றிதழைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "இன்னைக்கோட சரியாப் பத்து வருஷம். ஒரு நாள் கூட வீணாக்கலையே, அத்தை! உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"ஆஸ்பத்திரியில இருக்காரு."

"நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

"பரவால்ல. ஒரு வீடியோ கால் போடுங்க. முகத்தைப் பாத்துட்டு முத்திரை குத்திடறேன்."

அவள் கை அசையவில்லை. எழுத்தர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் யாரோ, "சீக்கிரம்மா!" என்றார்கள். அந்த ஊரில் அப்படி யார் சொன்னாலும் அவள் விரல் தானாக வேகம் எடுத்துவிடும். மின்ஹுவாவை அழைத்தாள்.

"பாரு, ஆயாம்மா. நல்லாப் பாரு," என்றது மகளின் குரல். திரையில் வெள்ளைத் துணி. ஒரு கை அதை விலக்கியது. "ஒன்பதே முக்காலுக்குப் போயிட்டாரு. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நாங்க எத்தனை தடவை கூப்பிட்டோம்!"

எழுத்தர் முத்திரையைக் கீழே வைத்தார். காகிதங்களை அடுக்கி, கண்ணாடிக்கு அடியில் மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"உயிரோட இருக்கறவர் பதிவுலதான் சேக்க முடியும், அத்தை." பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாற்பத்து நாலு!" என்றார்.

தகனம் முடிந்து ஒன்பதாம் நாள், மின்ஹுவா தன் பேரிலிருந்த அந்த வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு ஆன்ஹுய்க்கு ரயில் சீட்டைக் கையில் கொடுத்தாள். சைஹோங் ரயில் நிலையம்வரைக்கும் போனாள். வரிசையில்கூட நின்றாள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு எதிரே ஓடிவந்த கூட்டம் அவளை இடித்தது. "நடங்க, இல்ல ஒதுங்குங்க!" என்று ஒருவன் கத்தினான். அவள் நடந்தாள், அவர்கள் போன திசையில்.

மூன்றாவது மெட்ரோ நிறுத்தத்தில் வீட்டுப் பணியாளர் முகவர் அலுவலகம் இருந்தது. உள்ளே இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள்.

"வயசு?"

"நாப்பத்தேழு."

"வீட்டுக்காரர்?"

"இல்லை."

"ஒரே ஒரு இடம் இருக்கு. உள்ளூர்க்காரர், எழுபத்தொண்ணு, மனைவி இல்ல, தனியா இருக்காரு. கொஞ்சம் கோபக்காரர். பரவால்லயா?"

சைஹோங் மனதுக்குள் எழுபத்தொன்றோடு பத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

"ரத்தக் கொதிப்பு இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. ஏன்?"

"உப்பு குறைச்சுச் சமைப்பேன்னு சொல்லுங்க," என்றாள் சைஹோங்.