குரல் கொடுத்தவள்

அந்த நிறுவனத்தில் அவளுக்குக் குரலம்மா என்று பெயர். வேலைக்குப் போகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து தருகிற நிறுவனம் அது. கதைப் புத்தகங்கள் இல்லை. தலைமை தாங்குவது எப்படி, சம்பாதித்த நல்ல பெயரைக் காப்பாற்றுவது எப்படி, புதுத் தொழில்நுட்பத்துக்கு ஈடுகொடுப்பது எப்படி என்று, மேலாளர்களும் மேலாளராகத் துடிப்பவர்களும் படித்தே தீர வேண்டியவை என மாதாமாதம் ஒரு பரிந்துரைப் பட்டியல் வரும். உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு ஏது நேரம்? அவள் வாசிப்பாள், அவர்கள் கேட்பார்கள்.

அதற்கு முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி வர இன்னும் வெகுநேரம் ஆகும் என்பதைக்கூட யாருக்கும் கோபம் வராதபடி சொல்கிற குரல். கணவர் போய்ச் சேர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது இந்த வேலை தேடி வந்தது. விடுவாளா?

பதிவு அறை குளியலறை அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. மின்விசிறி கிடையாது, அதன் இரைச்சல் பதிவில் விழுந்துவிடும். மொடமொடப்பான துணி கட்டக் கூடாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். வயிறு கடமுடா என்றாலும் போச்சு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, வயிறு பேசுது."

"அதுவாவது பேசட்டும் தம்பி. வீட்டுல வேற யாரு இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஊழியர்களை எப்படி அரவணைத்துப் போவது என்று பகல் முழுக்க வாய் வலிக்க வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லக்கூட ஓர் ஆள் கிடையாது.

மகன் வேறு ஊரில், பெரிய கம்பெனி ஒன்றில் ஒரு பிரிவுக்குத் தலைவன். நாற்பதை நெருங்குகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான். எடுக்காவிட்டாலும் சீக்கிரம் வைத்துவிடுவான். ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் அம்மா வாசித்த புத்தகங்களைத்தான் கேட்கிறானாம். இத்தனை நாளாகக் கூப்பிடவே இல்லையே என்று ஒருமுறை அவள் குறைபட்டுக்கொண்டபோது, அவன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்.

"தினமும் உன் குரலைத்தானேம்மா கேட்டுட்டிருக்கேன். பேசலைன்னே எனக்குத் தோணல."

இதற்குப் பெருமைப்படுவதா, அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் குரல் கம்ம ஆரம்பித்தது. கஷாயம், வெந்நீர், ஆவி பிடிப்பது என்று என்னென்னவோ செய்து பார்த்தாள். எதற்கும் மசியவில்லை. டாக்டர் சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் ஒரு சதை வளர்ந்திருக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு மட்டும் அவர் பிடிகொடுக்கவில்லை.

நிறுவனத்தில் பொறுப்பாளராக இருந்த இளம்பெண் நல்ல பிள்ளை. விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டாள். பிறகு வேலையைப் பற்றிப் பேசினாள்.

"நீங்க இதுவரைக்கும் படிச்சதையெல்லாம் வெச்சு, கம்ப்யூட்டரே உங்க குரல்ல படிச்சிடும் மேடம். நீங்க சம்மதிச்சா போதும். பணமும் வந்துட்டே இருக்கும்."

ஒரு பக்கத்தை அப்படிப் படிக்கவைத்துக் காட்டினாள். அச்சு அசல் அவளேதான். அவள் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

"நான் மூச்சே விடலையே," என்றாள்.

"அதையும் சேர்த்துடலாம் மேடம்."

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருப்பதாகவும் அப்புறம் கூப்பிடுவதாகவும் சொன்னான். அந்த அப்புறம் வரவே இல்லை. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தானாகக் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது ஒலிப்பதிவுக்காரர்தான். சேர்க்கும் இடத்தில் அவர் பேனாவைப் பிடித்தபடி திரும்பினார்.

"நான் உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்கறாங்க. என்னக்கா சொல்ல?"

"தம்பின்னு சொல்லு. பொய்யா அது?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே எழுதினார்.

அறுவை முடிந்ததும் இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. மகன் கூப்பிட்டால் எடுத்துப் பேச முடியாதே என்று, ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்கேன், பேசக் கூடாதாம் என்று ஒரு செய்தியைப் போனில் எழுதித் தயாராக வைத்திருந்தாள். மணி அடித்ததும் அனுப்பிவிடலாம். போனைத் தலையணை ஓரத்திலேயே வைத்துப் படுத்தாள். அது அடிக்கவில்லை.

கடைக்குப் போனால் விரலால் காட்டிச் சாமான் வாங்கினாள். கடைக்காரர் அவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்கக் கத்தினார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். கடைக்காரரையும் ஒலிப்பதிவுக்காரரையும் தவிர, அவள் பேசாமல் இருப்பது வேறு யாருக்கும் தெரியக்கூட இல்லை. பேசிக்கொண்டிருந்த நாட்களில் மட்டும் யாரோடு பேசினோம் என்று படுக்கையில் கிடந்து யோசித்தாள். பதிவு அறையின் பஞ்சு மெத்தைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து வாயைத் திறந்தால் யாரோ பேசுவது போலிருந்தது. தாழ்ந்து, கரகரத்து, உப்புத்தாளால் தேய்த்த மாதிரி ஒரு குரல். போகப் போகச் சரியாகுமா என்று கேட்டாள். இனி இதுதான் என்றார் டாக்டர், தன்மையாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. மகன்தான்.

"ஹலோ," என்றாள்.

"ஹலோ, யாரு? இது எங்க அம்மா நம்பராச்சே."

நான்தான் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவனே கேட்டான்.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டியா?"

"ம்."

"அம்மா இல்லையா?"

"குளிக்கிறாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

"சரி ஆன்ட்டி, அவசரம் ஒண்ணும் இல்ல. புதுப் புத்தகம் ஒண்ணு படிச்சிருக்காங்க, பிரமாதமா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. இப்ப குரல் முன்னைவிடத் தெளிவா இருக்கு."

வைத்துவிடுவான் போலிருந்தது.

"நீங்க அடிக்கடி பேசறதில்லைன்னு அம்மாவுக்கு வருத்தம்," என்றாள்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகப் பேசினான்.

"என்னத்தப் பேசறது ஆன்ட்டி? ஆபீஸ்ல எனக்குக் கீழ இருபது பேரு. நான் கேன்டீனுக்குள்ள நுழைஞ்சா பேச்சு டக்குன்னு நின்னுடும். தட்டைத் தூக்கிட்டு என் ரூமுக்கே வந்துடுவேன். இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னா அவங்களுக்குத் தூக்கம் போயிடும். கார்ல அவங்க படிக்கறதைக் கேட்டா, எனக்கு மட்டும் சொல்ற மாதிரி இருக்கும். பதிலும் சொல்ல வேண்டாம் பாருங்க."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டேய்," என்றாள். "நான்தான்டா."

"அம்மாவா?"

"ம்."

"என்னம்மா ஆச்சு குரலுக்கு?"

சொன்னாள். நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப அந்தப் புத்தகம்?"

"அது மெஷின் படிச்சதுடா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னியே."

அடுத்த சனிக்கிழமை வந்து இறங்கினான். வீட்டைப் புதிதாகப் பார்ப்பவனைப் போல அறை அறையாக நடந்தான். அவள் அதிகம் பேசக் கூடாது என்பதால் பேச வேண்டிய பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. அவனுக்கோ அதில் பழக்கமில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு நல்ல தலைவன்ங்கறவன் முதல்ல," என்று ஆரம்பித்தான்.

அவள் கையமர்த்தினாள். "அது நான் படிச்சது. நீ உன்னோடதச் சொல்லு."

அவன் சிரித்துவிட்டான். அப்புறம் தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் தடுமாறினான். கேன்டீனைப் பற்றி, தன்னோடு வேலைக்குச் சேர்ந்து இப்போது தன்னை சார் என்று கூப்பிடுகிற நண்பனைப் பற்றி, துண்டுதுண்டாக ஏதோ சொன்னான். சோறு ஆறியது. அவள் ம் கொட்டினாள், அவ்வளவுதான். ஞாயிறு மாலை கிளம்பிப் போனான். அவன் படுத்திருந்த அறையின் விளக்கை அவள் உடனே அணைக்கவில்லை.

நிறுவனத்திலிருந்து பணம் ஒழுங்காக வருகிறது. புதுப் புத்தகங்கள் அவள் குரலில் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த மெத்தை அறைக்கு அவள் திரும்பப் போகவில்லை. ஒலிப்பதிவுக்காரரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். மகன் சில வாரம் கூப்பிடுகிறான், சில வாரம் இல்லை. காரில் இப்போது என்ன கேட்கிறான் என்று அவள் கேட்டதில்லை.

கூப்பிடும்போது அவள் ஹலோ என்றதும் அவன் கொஞ்சம் தயங்குவான். இந்தக் குரல் யாருடையது என்று அவன் மனதுக்கு எட்ட அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. அவள் அவசரப்படுத்துவதில்லை, காத்திருப்பாள். பிறகு அவன், "அம்மா," என்பான்.