அவள் கோப்புறையில் யார்?

“மூடிட்டேன்னு எத்தனை வாட்டி சார் சொல்றது? வேணும்னா கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போங்க!”

“அப்போ ஏன் பிஸின்னு காட்டுது? பேய் வந்து திறந்து வச்சிருக்கா?”

வரைபடம் போடும் பெண்ணும் சர்வர்காரரும் இப்படிக் கத்திக்கொண்டதில், அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் பாதிப் பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் வேலை செய்வதுபோல் நடித்தார்கள்.

பழைய சர்வரைக் கழற்றும் நாள் அது. அதற்கு முன், எல்லாரும் நுழைந்து வேலை பார்க்கும் லினக்ஸ் கணினியிலிருந்து அந்தச் சர்வரில் எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் பொதுக் கோப்புறையைப் பிரித்தாக வேண்டும். ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் பிரியாது, ‘பிஸி’ என்று முறைக்கும். மூன்று முறை முறைத்தாயிற்று.

“பிளக்கைப் பிடுங்கிட்டா என்னண்ணே?” என்றார் பிரிண்டர்காரர்.

“பிடுங்கு. பிளான் பாதியில போச்சுன்னா நீதான் உட்கார்ந்து வரையணும்.”

சர்வர்காரர் பொதுவாகப் பொறுமைசாலி. அன்றைய கோபத்துக்குக் காரணம் வேறு. இரண்டு வாரம் முன்பு அவருடைய அம்மா அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் பேசிவிட்டு வந்திருந்தார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள். இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த இந்த விஷயம் தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் தெரியும்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வெளியே வந்தார். “யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பார்க்க வழியில்லையா?”

“இருக்கு மேடம்.”

“அப்போ பெரிய திரையில போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”

சர்வர்காரருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கட்டளையை அடித்து, கடைசி விசையைக் கொஞ்சம் ஓங்கியே தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது. ஆள்: அவரே. நிற்கும் இடம்: அவளுடைய கோப்புறை, அதற்குள் ‘சொந்தம்’ என்று பெயரிட்ட உள்கோப்புறை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மதியம் அவள் சாப்பிடப் போன நேரத்தில், எல்லாவற்றையும் திறக்கும் தன் அதிகாரத்தை வைத்து அங்கே நுழைந்திருந்தார். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியாவது கிடைக்காதா என்ற நப்பாசை. கிடைத்தது வெளியூர் வேலைக்கான விண்ணப்பம். படித்தார், கடிதத்தை மூடினார். கட்டளை அடித்து நுழைந்த அந்தக் கறுப்புத் திரையை மூடவில்லை. பத்து ஜன்னல்களுக்குப் பின்னால் அது அவளுடைய கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எதற்கும் சிரிக்கும் பிரிண்டர்காரர்கூடக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் ஏதோ செய்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “படிச்சு முடிச்சாச்சா சார்?”

காது நுனிவரை சுட்டது. அந்தக் கறுப்புத் திரையைத் தேடி மூடினார். மறுபடி கட்டளை கொடுத்ததும் கோப்புறை சத்தமில்லாமல் பிரிந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம், “அவங்க வீட்டுல இனிமே கேக்காதம்மா,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதமே அவள் வெளியூர் போய்விட்டாள். அங்கேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. இவருக்கும் மறுவருடம் கல்யாணம் ஆயிற்று. மனைவி நர்ஸ், சூதுவாது தெரியாதவள், போனுக்குப் பூட்டே போடமாட்டாள். அவள் குளிக்கப் போயிருக்கும்போது சாப்பாட்டு மேஜையில் அது அதிரும்.

“யாருன்னு பாருங்களேன்!”

“நீயே வந்து பாத்துக்கோம்மா.”

போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அவர் பால்கனிக்குப் போய் நிற்பார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, மேஜையில் அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.