மோஷன் என்றால் கூச்சமில்லை

...இல்லை, இந்த முறை கேஸ் என்று சொல்லக் கூடாது, வாயில் வந்தாலும் விழுங்கிவிட வேண்டும், போன முறையும் இதே ஆஸ்பத்திரி பெஞ்சில் மனப்பாடம் செய்துகொண்டுதானே காசம்மாள் உள்ளே போனாள், டாக்டர் நிமிர்ந்ததும் என்ன ஆயிற்று, மகன் வயசுப் பிள்ளை, அவரிடம் போய் அதைச் சொல்வதா என்று நாக்கு ஒட்டிக்கொண்டது, "கேஸ் டிரபுள் சார்" என்றாள், அவரும் கேஸ் மாத்திரை எழுதிவிட்டார், அவர் மேல் என்ன தப்பு... ஊரில் எல்லாமே கேஸ்தான், தோள் வலித்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ், பெரியப்பா சுப்பராயலு கரும்புக் கட்டை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தபோதும் கேஸ் என்றுதான் சோடா உடைத்துக் கொடுத்தார்கள், பாதிகூட இறங்கவில்லை, மனுஷன் போய்விட்டார், துக்கத்துக்கு வந்தவர்களும் கேஸ் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள், பொல்லாத கேஸ்!

"இன்னா மூஞ்ச தூக்கி வச்சினுகிற? கேஸ்தான், ஒண்ணும் ஆவாது" என்கிறார் பக்கத்தில் அய்யனார், கட்டிய புருஷன், பாகூரில் பஸ் ஏறியதிலிருந்து இதே பாட்டு... அசிடிட்டி, அல்சர் எல்லாம் மேல்வயிற்றுச் சமாசாரம், கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லலாம், கீழே இறங்கினால்தான் வம்பு, வெளிக்கி என்றால் வாய் கூசுகிறது, மோஷன் என்றால் கூசவில்லை, அடுத்த தெருக்காரிக்கு வந்ததைச் சொல்வது போல இருக்கிறது, இப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே அந்த வார்த்தை... பொங்கலிலிருந்து ரத்தம் வருகிறது, முதலில் பீட்ரூட் தின்றதோ என்று நினைத்தாள், வீட்டில் யார் பீட்ரூட் வாங்கினார்கள்? பயம், ஆமாம், பயம்தான், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டதும் பயத்தில்தான், சின்னவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, இன்றைக்குச் சொல்லாமல் வெளியே வந்தால் நான் மனுஷியே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். அதே டாக்டர். அய்யனார் முந்திக்கொண்டு, "கேஸ்தான் சார், வேற ஒண்ணும்..." என்று ஆரம்பிக்க, "நீ சும்மா இருய்யா. மோஷன்ல ரத்தம் வருது சார், பொங்கல்லேர்ந்து" என்றாள், சொல்லியே விட்டாள், கூரை இடிந்து விழவில்லை, டாக்டர் முகம் மாறாமல் எவ்வளவு, என்ன நிறம் என்று கேட்கிறார், இவளும் தயங்காமல் சொல்கிறாள், இனி எந்த டெஸ்ட் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தே தீர வேண்டும்... இந்த மனுஷன்தான் இப்போது குதிப்பார், ஏன்டி எங்கிட்ட சொல்லல என்று இங்கேயே கத்துவார் என்று திரும்பினாள், அவர் குதிக்கவில்லை, திடுக்கிடக்கூட இல்லை, தலையைக் குனிந்து வேட்டி ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார், வீட்டில் ஒரே கக்கூஸ், காலையில் அவளுக்குப் பின்னால் போகிறவர் அவர்தான்... அப்படியென்றால் இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்?